பருக்கும் புற்று, படரும் புற்று: கிளியோபிளாஸ்டோமாவின் இரு வழிகள்

மூளையில் தோன்றும் புற்றுகளில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமா இரண்டு வழிகளில் வளர்கிறது. புதிய ரத்தநாளங்களை வரவழைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே பருப்பது ஒன்று. தனித்தனிச் செல்களாகப் பிரிந்து நலமான மூளைக்குள் படர்வது மற்றது. ஒரே கட்டியில் இரண்டும் நடக்கின்றன என்றாலும், சிகிச்சை எதைக் குறிவைக்க வேண்டும் என்று வரும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நாள வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவது. புதிய நாளங்கள் இல்லாமல் ஒரு கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் பெருக்க முடியாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் வாதிட்டார். ஆக்சிஜன் குறைந்த செல்கள் விஈஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரக்க, அருகிலுள்ள நாளங்கள் கிளைவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், செத்துப்போன திசுவைச் சுற்றி வேலிக்கால் நட்டதுபோல் செல்கள் நெருங்கி நிற்கும். அதையடுத்து, சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளைப் போல் சுருண்ட நாளக் கொத்துகள் தெரியும். அவசரத்தில் உருவான இந்த நாளங்கள் கசிவதால்தான் மூளை வீங்குகிறது; எம்ஆர்ஐ படத்தில் வெள்ளை வளையம் ஒளிர்வதும் அதனால்தான்.

ஊடுருவலுக்கு அப்படி ஒரு வளையம் கிடையாது. செல்கள் எந்தெந்தத் தடங்களில் நகர்கின்றன என்பதை நரம்பு நோயியல் ஆய்வாளர் ஹான்ஸ் ஷெரர் 1938-லேயே விவரித்துவிட்டார்: நியூரான்களைச் சுற்றி, மூளையின் உட்பகுதியான வெண்பொருளின் நரம்பிழைகள் வழியே, மூளையுறைக்கு அடியில், ரத்தநாளங்களின் வெளிச்சுவரை ஒட்டி. பிற புற்றுகள் பலவும் ரத்தத்துக்குள் புகுந்து தொலைதூர உறுப்புகளுக்குப் பரவ, இது மூளையை விட்டு வெளியேறுவது மிக அரிது. பந்தலைப் பற்றும் கொடிபோல நாளத்தின் வெளிப்புறத்தைப் பற்றியே ஊர்கிறது. வழியை அடைத்திருக்கும் புரதப் பின்னலை நொதிகளால் அரித்து, தன் உட்கருவையே நசுக்கி நீட்டிக்கொண்டு, அதைவிடக் குறுகிய இடுக்கிலும் ஒரு செல் நுழைந்துவிடுகிறது. ஏற்கெனவே உள்ள நாளத்தை இப்படி ஒட்டியிருக்கும் செல்லுக்குப் புதிய நாளம் தேவைப்படுவதும் இல்லை.

இரண்டில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் முடிவு. 1928-ல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, கட்டியால் ஏற்கெனவே உடலின் ஒரு பக்கம் செயலிழந்த நோயாளிகளுக்கு மூளையின் வலப் பாதியையே அகற்றிப் பார்த்தார். அவ்வளவு துணிந்தும் நோயை வேரறுக்க முடியவில்லை. இன்றும் கட்டியை முழுமையாக எடுத்த பிறகு நோய் திரும்பும்போது, பெரும்பாலும் வெட்டிய விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான் முளைக்கிறது.

நாளங்களைத் தாக்கும் வழி சோதிக்கப்படாமல் இல்லை. விஈஜிஎஃப்பை முடக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு, மீண்டும் வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்காக அமெரிக்கா 2009-ல் அனுமதி அளித்தது. புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014-ல் வெளிவந்தன: நோய் முற்றுவது சில மாதங்கள் தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடவில்லை. இதைக் கொண்டு மருந்தை வீண் என்று ஒதுக்குவது நியாயமன்று. வீக்கம் வடிந்து, ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க முடிந்தால், நோயாளிக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனால் கசிவு நின்றதும் வெள்ளை வளையம் மங்கிவிடுவதால் படம் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். எலிகளில் விஈஜிஎஃப்பைத் தடுத்த சோதனைகளில், கட்டி பருப்பது குறைய, செல்கள் பழைய நாளங்களை ஒட்டி முன்னிலும் அதிகமாகப் படர்ந்தன. ஆகவே வளையம் மங்கியது என்ற செய்தியோடு நின்றுவிடாமல், ஃபிளேர் என்னும் வேறு வகை எம்ஆர்ஐ படத்தில் அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதி விரிகிறதா என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.