சோயா புண்ணாக்கு வாங்குபவர்கள் கவனத்துக்கு: ‘புரதம் 46’ சீட்டை மட்டும் நம்பாதீர்கள்

போச்சம்பள்ளி பக்கம் 300 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மக்காச்சோளம், தவிடு, சோயா புண்ணாக்கு வாங்கி நானே தீவனம் கலப்பது வழக்கம். இந்த முறை ஒரு புரோக்கர் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்து 10 மூட்டை இறக்கினார். "ரிப்போர்ட்டைப் பாருங்கண்ணா, புரதம் 46" என்று சீட்டை நீட்டினார். நம்பிப் பணம் கொடுத்தேன்.

மூன்று வாரம் ஆகியும் குஞ்சுகளுக்கு எடை ஏறவில்லை. முதுகில் இறகு மூடாமல் தோல் சிவப்பாகத் தெரிந்தது. ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன. எச்சம் நீராகப் போய், தரையில் விரித்த உமி சொதசொதவென்று ஆனது. நோய் என்று நினைத்து மருந்துக்கு வேறு செலவு. "மருந்தை விடுடா, முதல்ல தீவனத்தைப் பாரு" என்று அம்மாதான் சொன்னார்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவன ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டு போனேன். யூரியா கலந்திருந்தது.

சீட்டில் இருந்த 46 பொய்யில்லை, அதுதான் கொடுமை. வழக்கமான புரதச் சோதனை நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன்; பெருக்கினால் 287 வரும். 95 கிலோ மட்டமான சரக்கில் 5 கிலோ யூரியா கலந்தால் போதும், 33 சதவீதப் புரதம் சீட்டில் 46 ஆகிவிடும். மாட்டு வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அளவோடு கொடுத்த யூரியாவைப் புரதமாக்கும். கோழிக்கு அந்த வயிறு கிடையாது. அதற்கு உண்மையான புரதத்தில் இருக்கும் லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் வேண்டும். மெத்தியோனின் குறைந்தால் இறகு எப்படி முளைக்கும்?

இப்போது மூட்டை வந்ததும் ஒரு பிடி புண்ணாக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றுகிறேன். வறுக்காத சோயாவை அரைத்து ஒரு ஸ்பூன் போட்டு மூடி வைக்கிறேன். பச்சை சோயாவில் உள்ள நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். அந்தப் பழைய சரக்கில் செய்து பார்த்தபோது, ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல சரக்கில் அந்த நெடியே இல்லை. அப்புறம், வடிகட்டாமல் கொஞ்சம் டம்ளரில் கரைத்தும் பாருங்கள். மணல் கலந்திருந்தால் அடியில் தங்கும்.

பெரிய அளவில் வாங்குபவர்கள் புரதத்தோடு யூரியா சோதனையும் போட்ட ரிப்போர்ட் கேளுங்கள். மூட்டையைப் பிரித்து உங்கள் கையால் மாதிரி எடுங்கள்.

புரோக்கர் இப்போது போன் எடுப்பதில்லை. மீதி நாலு மூட்டை ஷெட்டில் கிடக்கிறது. பாதி விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை.