"பேக்கப் இருக்குண்ணே" என்றவரை நம்பி என் கடன் கணக்கைத் தொலைத்தேன்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பில் பிரிண்டர். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று லைனில் போகும் சரக்கில் பாதிக்கு மேல் கடன்தான். அந்தப் பாக்கிக் கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி சாயங்காலம் அந்தக் கணக்கு போய்விட்டது. என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட சர்வீஸ்காரர்தான் எங்கள் பக்கம் இன்னும் பல கடைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவர் மாதிரி வேலை பார்ப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்புக் கட்டணம், 9,000 ரூபாய். கூப்பிட்டால் பைக்கில் வந்துவிடுவார், மரியாதையாகப் பேசுவார். முதல் நாளே, "ஒரிஜினல் டேலிக்கு எதுக்குண்ணே அவ்வளவு காசு, விண்டோஸ், டேலி எல்லாம் சேத்து 3,500க்கு நான் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கும் அது இனித்தது, ஒத்துக்கொள்கிறேன். மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற புத்தி எனக்கு. பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவரிடம் கேட்டபோது, "இதுதாண்ணே வேகம்" என்றார்.

திருட்டு டேலியில் புது வெர்ஷன் போட வேண்டும் என்றால் முதலில் ஆண்டிவைரஸை நிறுத்துவார். நிறுத்தாவிட்டால், லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கும் கிராக் ஃபைலை அது பிடித்துக்கொள்ளும். அன்றும் மதியம் இருந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து, ஆண்டிவைரஸை நிறுத்தி, எதையோ இறக்கிப் போட்டுவிட்டு, "முடிஞ்சதுண்ணே" என்று போனை வைத்தார். ஆறு மணிக்கு ஒரு உசிலம்பட்டிக்காரருக்குப் பில் போடும்போது டேலி திறக்கவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் எல்லா ஃபைலுக்கும் பின்னால் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி, 490 டாலர்.

ஃபைலைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் இந்த ரான்சம்வேருக்கு ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று பெயர். பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேருக்குள்தான் ஒளிந்து வரும். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும், அதனால்தான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிடுகிறது. முன் பகுதி கெட்டால் போதும், டேலிக்கு அந்த ஃபைல் ஃபைலே இல்லை.

நான் அப்போதும் பெரிதாகப் பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே! தினமும் இரவு ஒன்பதுக்குத் தானாக பேக்கப் எடுக்கும்படி அவர் செட் செய்திருந்தார். மாதம் ஒருமுறை நான் கேட்பேன், "பேக்கப் இருக்குண்ணே, கவலப்படாதீங்க" என்பார். இருந்தது. அதே கம்ப்யூட்டரில், அதே ஹார்டு டிஸ்கில், டி டிரைவில். பூட்டியவனுக்கு சி எது, டி எது? அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தான். நாலு வருடம் நான் பேக்கப் என்று நம்பியது, கல்லாப் பணத்தை அதே கல்லாவின் இன்னொரு அறையில் வைத்துப் பூட்டிய மாதிரி.

மறுநாள் வந்தவர் பேச்சே மாறிவிட்டது. "வைரஸ் வந்தா நான் என்னண்ணே செய்ய முடியும், ஏஎம்சில டேட்டா வராது" என்றார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், எழுதிய காகிதமே ஒன்றும் இல்லை. வருடா வருடம் ஜிபே செய்ததோடு சரி. புகார் கொடுக்கலாம் என்று தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாஃப்ட்வேர் ஒரிஜினலா?" திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் குறைந்தது 7 நாள் சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த 3,500 ரூபாயில் என் வாயையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. வெளியூரில் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்காரர் 'நூறு சதவீதம் எடுத்துத் தருகிறோம்' என்று செக்கிங் சார்ஜ் 4,000 வாங்கினார். பத்து நாள் கழித்து, 25,000 கட்டினால் எடுக்கலாம் என்றார். என் மகன், பூட்டிய ஃபைலைத் திறக்க உதவும் நோ மோர் ரான்சம் என்ற தளத்தைக் காட்டினான். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் முதலானவர்கள் 2016-இல் தொடங்கியது, காசு கேட்பதில்லை. ரீட்மீயில் இருக்கும் ஐடி 't1' என்று முடிந்தால் திறக்க வாய்ப்பு உண்டாம். நம்முடையது அப்படி முடியவில்லை. பூட்டியவனின் சாவி இல்லாமல் 25,000 வாங்குகிறவர் எப்படித் திறப்பார்? ஹார்டு டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 4,000 வரவில்லை.

கணக்கை எப்படி மீட்டேன் என்றால், அரைகுறையாகத்தான். வருமான வரிக்காக மார்ச் வரைக்குமான டேட்டா ஆடிட்டரிடம் இருந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு, ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்தது. ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளின் பில் எண், தேதி, தொகை எல்லாம் அதில் கிடைத்துவிட்டன. ஆனால் கிராமத்துப் பெட்டிக்கடைகளில் பாதிப் பேருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. அவர்கள் வாங்கியதெல்லாம் பெயர் இல்லாமல் ஒரே மொத்தத் தொகை. வரியில்லாமல் மூட்டையாகப் போகும் பருப்பும் அரிசியும் அப்படியே. கடன் அதிகம் நின்றதும் அவர்களிடம்தான்.

லைனுக்குப் போகும் தம்பியின் அழுக்கு நோட்டுதான் காப்பாற்றியது. நவம்பர் பில்லை அதை வைத்து ஏற்றினோம். ஜிஎஸ்டிஆர்-1க்கு 11-ஆம் தேதியும் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20-ஆம் தேதியும் தாண்டிவிட்டன, தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், மேலே வட்டி. மேலூர்க்காரர் ஒருவர் எங்கள் பழைய சிட்டைகளை ஊசியில் குத்தி வைத்திருந்தவர், தானே எடுத்து வந்து, "அண்ணாச்சி, 14,200 நிக்குது, பாருங்க" என்றார். எல்லோரும் அப்படி இல்லை. "போன மாசமே கொடுத்துட்டேனே" என்றவர்களிடம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கடைசியில் வசூலாகாமல் நிற்பது சுமார் 1,80,000 ரூபாய்.

இப்போது டேலி லைசென்ஸ், என் மெயில் ஐடியில். ஐயாயிரத்துக்குள் ஒன்று என்று அப்போது வாங்கிய இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். காப்பி எடுத்ததும் கழற்றிவிடுவேன், ஒன்று எப்போதும் என் சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்கு வந்துவிடும். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே எங்கள் டேலி டேட்டாவுக்குத் தாராளம். மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த பேக்கப்பை மகன் லேப்டாப்பில் ஏற்றி நாலு பேர் பாக்கியைத் திறந்து பார்ப்போம். எனிடெஸ்கை எடுத்துவிட்டேன்.

போன வாரம் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கும் அதே ஆள்தான். "நம்மகிட்ட பேக்கப் இருக்குப்பா, தம்பி தினமும் எடுக்குறாப்ல" என்று சொல்லி, மவுஸை நகர்த்தித் திறந்து காட்டினார். டி டிரைவ்.