அற்புதப் பதக்கமா, பெனடிக்ட் பதக்கமா?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கத்தோலிக்கர் கழுத்தில் அணியும் பழைய பதக்கம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதா உருவம் பொறித்த அற்புதப் பதக்கத்தின் முகப்பில் காணும் 1830, அது செய்யப்பட்ட ஆண்டு அல்ல. பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற கன்னியாஸ்திரீக்கு மாதா காட்சி தந்த ஆண்டு. முதல் பதக்கமே 1832இல்தான் வெளிவந்தது. சென்ற மாதம் அச்சடித்ததிலும் அதே 1830 இருக்கும்.

புனித பெனடிக்ட் உருவம் தாங்கிய பெனடிக்ட் பதக்கத்தின் வடிவமோ ஓரளவு காலம் சொல்லும். சிலுவைக்கு மேலே 'பாக்ஸ்' (லத்தீனில் 'அமைதி') என்றிருந்தால் அது பெனடிக்ட் பிறந்ததன் 1400ஆம் ஆண்டு நினைவாக வந்த 1880 ஜூபிலி வடிவம்; இன்றும் அப்படியே செய்கிறார்கள். அந்த இடத்தில் இயேசுவின் திருநாம எழுத்துகளான IHS இருந்தால் பெரும்பாலும் அதற்கும் முந்தைய வடிவம்.

ஆனாலும் என் கை அற்புதப் பதக்கத்துக்கே நீளும். 'பாவமின்றி உற்பவித்த மரியே' என்ற அதன் வேண்டுதல், மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோயிலில் வளர்ந்த எனக்குத் தாலாட்டுக்குச் சமம். வளையம் மெலிந்து, முகம் மழுங்கியதாகப் பார்த்து எடுங்கள். பல முத்தங்கள் பட்டது அது. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.