இலவச சட்ட உதவியில் மேல்முறையீடு: அம்மாவின் பஸ் வழக்கு

அரசு பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. ஓட்டுநரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லையாம். அப்போதிருந்த வக்கீல் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்து, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் கெடு இருப்பதைக்கூடச் சொல்லவில்லை.

சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னது பக்கத்து வீட்டு அக்காதான். வழக்கு நடத்தப் பெண்களுக்கு இலவச உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது. 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவிலேயே இருக்கிறது. இது தெரியாமல் நாங்கள் வளையலை அடகு வைக்க எடுத்து வைத்திருந்தோம். அம்மா பெயரில் ஒரு மனு, ஆதார் நகல், தீர்ப்பு நகல், அவ்வளவுதான். கோர்ட் கட்டணமும் எங்கள் தலையில் விழவில்லை.

எங்களுக்குக் கொடுத்த வக்கீலம்மா தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, "சாட்சியம் எங்கே?" என்று கேட்டார். அதற்கு நகல் மனு போட்டு வாங்கிக்கொண்டு போனோம். பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். முதல் விசாரணையில் நடத்துநர், "பஸ் ஓடும்போதே அந்தம்மா பின்படியில் இருந்து குதித்தார், பார்த்தேன்" என்கிறார். குறுக்கு விசாரணையில், "நல்ல கூட்டம், நான் முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன்" என்கிறார். இரண்டுக்கும் அடியில் கோடு போட்டுவிட்டு வக்கீலம்மா கேட்டார்: "முன்னாடி நின்னவர் பின்படியை எப்படிப் பார்த்தார்? பார்க்கலேன்னா, எதை வெச்சு விசில் கொடுத்தார்?"

அம்மா அழுதுவிட்டார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருக்கும்போதே டபுள் விசில் கேட்டது என்று விழுந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சாட்சியத்திலும் அது பதிவாகியிருக்கிறது. தீர்ப்பில் விசிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேல்முறையீட்டின் முதல் காரணமே இதுதான். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று 2009-ல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தார். அதுவும் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்குதான்.

நாங்கள் 23 நாள் தாமதம். அம்மாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்த டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்து, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வக்கீலம்மா மனு போட்டார், ஏற்றுக்கொண்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 173-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் நாளைக் கடத்த வேண்டாம். இன்னொன்று, வழக்கில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பிரிவில் மேல்முறையீடு இல்லை.

மையத்தில் குறை என்றால், போனில் விவரம் கிடைப்பது கஷ்டம். மூன்று முறை நேரில்தான் போக வேண்டியிருந்தது, வாக்கர் வைத்து நடக்கிற அம்மாவுக்கு அது பெரிய பாடு. அதனால் ஐந்துக்கு நாலு மார்க். வழக்குக்கு நம்பர் விழுந்து, போக்குவரத்துக் கழகத்துக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

போகிறவர்கள் சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டு எந்த மையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள், எல்லாச் சாட்சியத்துக்கும் நகல் வாங்கிக்கொண்டு போங்கள்.