தெமட்டகொடை நானாவின் கராஜ்: கேம்ஷாஃப்ட் கோட் விழுந்தவர்களுக்கு

செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேன் பண்ணிப் பார்த்தவர் "கேம்ஷாஃப்ட் போயிட்டுது" (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு பழுது) என்று சொல்லியிருந்தால், காசு கொடுப்பதற்கு முதல் இந்தக் கராஜுக்கு ஒருதரம் போய் வாருங்கள். தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. ஒழுங்கைக்குள் வந்து நானாட கராஜ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

என்னுடையது 2008 டொயோட்டா ஆக்ஸியோ, 1என்ஸெட் எஞ்சின். பாவித்த வாகனமாகத்தான் வாங்கினேன், முன்னைய ஆள் ஒயில் எப்படி மாற்றினார் என்று தெரியாது. கொஞ்ச நாளாகச் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம், ஆரம்ப இழுவை குறைவு, பெற்றோலும் கூடக் குடித்தது. அப்புறம் லைட் எரிந்தது. முதலில் கொண்டுபோன இடத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) ஸ்கேனரைக் குத்தினார்கள், பி 0011 என்ற பிழைக் கோட் வந்தது, கேம்ஷாஃப்டையும் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும்) கியரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று லட்சக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். பொனட்டைத் திறந்து ஒரு ஸ்குரூகூடக் கழற்றிப் பார்க்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தார்கள், திறந்த பிறகும் புதிதாக வாங்கக்கூடிய விலையா இருக்கிறது? கையில் இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட வேண்டும் என்ற நிலையில் இருக்கிற ஒருவரிடம் பார்க்காமலே இப்படி ஒரு தொகையைச் சொல்வது எனக்கு மிகவும் கோபமாக இருந்தது.

நானா ஸ்கேனரைத் தொடுவதற்கு முதல் கேள்விதான் கேட்டார். நடுக்கம் காலையில் குளிர் எஞ்சினிலா, சூடான பிறகா? ஒயில் என்ன நம்பர், எப்போது மாற்றியது? டிப்ஸ்டிக்கை இழுத்து ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "தம்பி, கேம்ஷாஃப்ட கழட்ட முந்தி ஒயில் போற வழிய பாப்போம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் வேலை செய்துகொண்டே விளக்கினார், அது எனக்குப் பிடித்தது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று, அதுதான் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடுகிறது. விவிடி உள்ள எஞ்சினில் இன்டேக் கேம்ஷாஃப்டின் கியரை ஒயில் பிரஷரால் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புகிறார்கள். அந்த ஒயிலை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிப்பது ஒரு சின்ன மின்சார வால்வு. அது ஒயில் கசடில் இறுகிவிட்டால் கேம்ஷாஃப்ட் முந்திய நிலையிலேயே நின்றுவிடும், இன்டேக்கும் எக்ஸோஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடி எரிந்த புகை உள்ளே கலக்கும், ஐடிலில் (வாகனம் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் நடுங்கும். பி 0011 என்ற கோட் சொல்வது டைமிங் முந்தி நிற்கிறது, திரும்பி வரவில்லை என்பதைத்தான். கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்று அந்தக் கோட் எங்கேயும் சொல்லவில்லை.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, அந்த வால்வின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தார். நல்ல எஞ்சின் என்றால் அந்த நொடியே தடுமாற வேண்டும், சில நேரம் நின்றே போகும். என்னுடையது முன்பு நடுங்கிய மாதிரியே நடுங்கிக்கொண்டிருந்தது, மாற்றமே இல்லை. பிறகு மீட்டரை வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்த்தார், 7 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. 6.9 இலிருந்து 7.9 வரை சரி, ஆகவே வால்வின் கொயிலில் (கம்பிச் சுருளில்) பிழை இல்லை. வால்வை வெளியே எடுத்தபோது உள்ளே அசைய வேண்டிய தண்டு பாதியில் சிக்கி நின்றது. அதற்கு ஒயில் போகும் வழியில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கிறது, அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வடியில் அடைத்த தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பாகக் கட்டியிருந்தது.

காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து போகும் வாகனத்துக்குக் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றுகிறவர்களுக்கு இந்தக் கசடு சீக்கிரம் வரும் என்றார். கொழும்புக்குள்ளேயே ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வால்வைக் கிளீனர் அடித்துக் கழுவி, 12 வோல்ட் கொடுத்துத் தண்டு டக் என்று போய் வருகிறதா என்று பலமுறை பார்த்துத்தான் பூட்டினார். ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, 5டபிள்யூ-30 ஊற்றி ஸ்டார்ட் பண்ணியதும் நடுக்கம் போய்விட்டது. அதோடு பில்லைப் போட்டிருக்கலாம். ஆனால் மேலே மெல்லிய டிக் டிக் சத்தம் ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன்.

வால்வ் கவரைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டு, கேம்ஷாஃப்டின் ஒவ்வொரு மேட்டையும் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். வழுவழு என்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. மாற்ற வேண்டும் என்று சொன்ன அதே கேம்ஷாஃப்ட்! எஞ்சின் ஆறிய பிறகு கேம்ஷாஃப்டுக்கும் வால்வை அழுத்தும் பக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவுத் தகடுகளால்) பார்த்தார். இந்த எஞ்சினில் இன்டேக்குக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸோஸ்டுக்கு 0.25 முதல் 0.35. ஓர் எக்ஸோஸ்ட் வால்வில் மட்டும் 0.35 ஐயும் தாண்டியிருந்தது. 1என்ஸெட்டில் இடைவெளியைச் சரிசெய்யத் தனியாக ஷிம் (மெல்லிய தகடு) கிடையாது, வேறு தடிப்புள்ள பக்கெட் போட வேண்டும், அதற்குக் கேம்ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். கேம்ஷாஃப்டைச் சுற்றவைக்கும் செயினும் கியரும் பொருந்தும் இடத்தில் பெயின்ட் அடையாளம் போட்டு, செயின் விழாமல் கம்பியால் கட்டி, பழைய பக்கெட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் துண்டில் எழுதித் தந்து, வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினார். பூட்டும்போது கேம்ஷாஃப்டை மேலிருந்து பிடிக்கும் கேப்களை அதே இடத்தில், அதே திசையில் வைத்து, டோர்க் ரென்ச்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் சாவியால்) கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அந்தக் கேப்களை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதியோடு) சேர்த்தே கடைந்திருப்பார்கள், ஒன்றை உடைத்தால் இன்னொரு எஞ்சினிலிருந்து எடுத்துப் போட முடியாது. கைபோன போக்கில் ரெச்செட்டால் இறுக்குகிற இடங்களில் கேம்ஷாஃப்ட் வேலை கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

எல்லாம் சேர்த்தும் முதல் இடத்தில் சொன்னதில் கால்வாசிகூட வரவில்லை. கோட் திரும்ப வரவில்லை, பெற்றோலும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

நான் நின்ற நேரத்தில் டொயோட்டா விட்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பி 0340 (கேம்ஷாஃப்ட் சென்சரின் மின்சுற்றில் பிழை) என்ற கோடோடு வந்தார். வேறு எங்கோ சென்சர் மாற்றியும் போகவில்லையாம். நானா சென்சரைத் தொடாமல் வயரைப் பிடித்துக்கொண்டே போனார், பிளக்குக்குக் கிட்ட உறை உரிந்து செம்பு தெரிந்தது. ஆனால் எல்லாவற்றையும் சின்ன வேலை என்று சொல்லி அனுப்புகிறவரும் இல்லை. பி 0016 (கிராங்கும் கேம்ஷாஃப்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை) வந்த இன்னொரு காருக்கு அடையாளங்களைப் பொருத்திப் பார்த்துவிட்டு, செயின் நீண்டுவிட்டது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு மாற்றாமல் ஓடாதீர்கள் என்று நேராகவே சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. உட்கார இடமில்லை, வெயிலில்தான் நிற்க வேண்டும். போன் எடுக்கவே மாட்டார். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஒரே நாளில் வாகனம் வேண்டும் என்பவர்களுக்குச் சரிவராது. வங்கிக் காட் எடுப்பதில்லை, பில் டயரித் தாளில் கையெழுத்துத்தான், கம்பனிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது உண்மையிலேயே சிரமம். ஐரோப்பிய கார்களைப் பார்க்க மாட்டார், அதை வந்தவுடனேயே சொல்லிவிடுகிறார்.

சாமானை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம், அவர் அதில் கொமிஷன் வைப்பதில்லை. ஆனால் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், வால்வ் கவர் ரப்பரை விலை குறைந்ததாக வாங்காதீர்கள். நான் வாங்கிப்போன முதல் ரப்பரை வளைத்துப் பார்த்துவிட்டு, இது சூட்டில் இறுகி ஒயில் கசியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டு, ஞாயிறு முழுநாளும் பூட்டு. காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதே கொண்டுபோனால் இடைவெளி பார்க்கும் வேலை அன்றே தொடங்கும், மத்தியானம் போனால் ஆறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.