டயர் காற்றழுத்தக் காட்டியும் கையடக்கக் கம்ப்ரஸரும்: 6 ஆண்டு, 84,000 கிலோமீட்டர் அனுபவம்

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு மாதம் இருமுறையாவது காரில் போய் வரும் தொழில் எனக்கு. 2018 இறுதியில், பெரம்பலூரைத் தாண்டியபோது பின்பக்க டயர் ஒன்று கிழிந்து, வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. டயர் கடைக்காரர் அதைக் கழற்றி உள்ளே கைவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்த கரித்தூள் போன்ற ரப்பர் பொடியைக் காட்டினார். "ஆணியால போகல சார், காத்து இல்லாமலே ஓடி வெந்து போச்சு" என்றார். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த மடிப்பில் சூடு ஏறி, ரப்பர் உள்ளிருக்கும் இழைகளை விட்டுப் பிரிகிறது என்று விளக்கினார். எத்தனை நாளாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

அடுத்த மாதமே மூன்று பொருள்களை வாங்கினேன். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் நான்கு உணரிகளும் அவற்றின் அளவைக் காட்டும் சிறு திரையும் முதலாவது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் இயங்கும் ஏர் கம்ப்ரஸர் இரண்டாவது. டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் பெட்டி மூன்றாவது. மூன்றையும் இன்றுவரை பயன்படுத்துகிறேன். அவற்றுள் முதலிடத்தைத் தயங்காமல் அழுத்தக் காட்டிக்கே தருவேன்.

இந்தத் தொழில்நுட்பம் புதியதன்று. 1986-லேயே போர்ஷே 959 காரில் இது இருந்தது. அமெரிக்காவில் 2007 முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. அந்நாட்டு விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். என் வண்டிக்கு 33 பாயிண்ட் (psi) காற்று. அந்தக் கணக்கில் 25-க்கு அருகில் வந்த பிறகே எச்சரிக்கை கிடைக்கும். பாரம் ஏற்றி வேகமாகப் போகும் வண்டிக்கு அது மிகவும் தாமதம் என்று கருதி, நான் 28-இல் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். காலையில் 33 காட்டிய திரை, இரண்டு மணிநேர ஓட்டத்துக்குப் பின் 38 காட்டியதும் பயந்துபோய், வழியிலேயே காற்றைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலையில் நான்கு சக்கரத்திலும் 29 தான் இருந்தது. ஓட்டத்தில் ஏறும் சூட்டுக்காகக் காற்றைக் குறைக்கவே கூடாது. வண்டி இரவெல்லாம் நின்று டயர் ஆறிய பிறகு பார்ப்பதே சரியான அளவு. புதிதாக வாங்குவோர் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

2022 மழைக்காலத்தில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு, உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மணி அடித்தது. முன்பக்க இடது டயர் 27, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 26. ஸ்டியரிங்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வெளிச்சமுள்ள ஒரு டீக்கடை முன்பு வண்டியைச் சாலையிலிருந்து முற்றிலும் இறக்கி நிறுத்தி, வீட்டாரைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொன்னேன். வண்டியுடன் வந்த சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது அடி தூரத்துக்கு நடந்து சென்று வைத்தேன். முதல் பேருந்து கடந்ததும் அந்தக் காற்றில் அது சாய்ந்துவிட்டது. அதன் கால்கள் மீது இரண்டு கருங்கல்லை வைத்த பிறகே நின்றது. அன்று முதல் ஒரு சிறு மணல் பை வண்டியிலேயே இருக்கிறது.

டயர் மேல் தண்ணீரை ஊற்றியதும் ஓரிடத்தில் குமிழி வந்தது. குறடால் ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரம் போன்ற துளைப்பானையும் அதே சாய்வில்தான் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் உள்ளே புதிய வழி ஒன்று உண்டாகி, ஓட்டையை அடைக்கும் பசைத் திரி பிடிக்காது. திரியை ஊசியின் காதில் கோத்து, ரப்பர் பசை தடவி, வெளியே விரல் கனம் நிற்குமளவு உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்கென்று இழுத்தேன். கம்ப்ரஸர் ஐந்து நிமிடத்தில் 33-க்குக் கொண்டுவந்தது. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். மறுநாள் கடையில் டயரைக் கழற்றி உள்பக்கமாக ஒட்டுப் போட்டேன். வெளியிலிருந்து செருகும் திரியை நிரந்தரமாக நம்பி நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. ஓர் உணரியின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இரண்டாம் ஆண்டில் வெடித்து, காற்றுக் கசிவைச் சொல்ல வேண்டிய அதுவே காற்றைக் கசியவிட்டது. இன்னொன்று வால்வுடன் உப்புப் பூத்து இறுகி, வால்வையே அறுத்து மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கையும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். பொத்தான் பேட்டரிகள் ஏறத்தாழ பதினான்கு மாதம் வருகின்றன. கம்ப்ரஸரைப் பொறுத்தவரை, இன்ஜினை ஓடவிட்டே இயக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டினால் அதன் பிளக் கைபொறுக்காத சூடாகிறது. ஒருமுறை சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விட்டதால், உபரி ஃபியூஸ் இரண்டு வைத்திருக்கிறேன்.

இவை எல்லாம் இருந்தாலும் ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுக்க நான் உடன்படமாட்டேன். வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டியூப்லெஸ் டயரும் அழுத்தக் காட்டியும் பஞ்சர் பெட்டியும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ஆனால் 2021-இல் அணைக்கரை அருகே, சாலைப் பணிக்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் என் டயரின் பக்கச்சுவர் இரண்டு அங்குலம் கிழிந்தது. பக்கச்சுவரில் எந்தத் திரியும் நிற்காது. காப்பீட்டுடன் காசு கொடுத்து வாங்கியிருந்த சாலையோர உதவிக்கு அழைத்தேன். அவர்கள் வந்து சேர ஒன்றே முக்கால் மணிநேரம் ஆயிற்று. அதற்குள் ஸ்டெப்னியை நானே மாட்டியிருப்பேன். ஆனால் டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய வீல் நட்டுகள் வண்டியுடன் வந்த ஸ்பானருக்கு அசையவே இல்லை. மறுவாரமே இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை வெட்டி வாங்கினேன். ஸ்பானரின் பிடியில் அதைச் செருகி அழுத்தினால் என் அறுபது கிலோ எடைக்கே நட்டு இளகிக்கொடுக்கிறது. ஜாக்கியில் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும்.

ஸ்டெப்னிக்கு உணரி கிடையாது. டிக்கியில் கிடந்து அதிலும் மெல்லக் காற்று இறங்கத்தான் செய்கிறது. ஆகவே தமிழ் மாதப் பிறப்பன்று, பூஜை முடிந்த கையோடு, அதை வெளியே எடுத்து 36 பாயிண்ட் வைத்து மூடுகிறேன்.