லெதர் சீட் பளபளவென்று திரும்பி வந்தால் சந்தேகப்படுங்கள்

ஐப்பசி அடைமழையில் பத்து நாள் காரை எடுக்கவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது. வாசலிலேயே தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்தேன். கதவைத் திறந்தால் ஈர நெல் மூட்டை வாடை. பழுப்பு லெதர் சீட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

தஞ்சாவூர் சாலையில் கார் சுத்தம் செய்கிற ஒரு கடை. "லெதர் ஸ்பெஷல் சார், 3,500 ரூபாய், சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றார் ஓனர். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இன்ஜின் கிரீஸ் எடுக்க அடிக்கிற அதே கேனிலிருந்து ரோஸ் தண்ணீரைச் சீட்டில் அடித்து, தரை தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான் பையன். "லெதருக்கு இது ஆகுமா தம்பி?" "எல்லாத்துக்கும் இதான் சார்." அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பாதி நனைந்த சீட்டோடு வண்டியை எங்கே கொண்டுபோவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

சாயங்காலம் சீட் மின்னியது. "எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. மறுநாள் சுவாமிமலை போய் இறங்கினால் வெள்ளை வேட்டியின் பின்பக்கம் பழுப்புக் கறை. ஒரு வாரத்தில் வாடை திரும்பியது. இரண்டு வாரத்தில், ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற ஓரத்தில் சாயம் போய் சாம்பல் நிறம் தெரிந்தது.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன். "மாப்ளே, கார் சீட் தோலுக்கு மேல பெயின்ட் அடிச்சு, அதுக்கு மேல பாலியூரித்தேன் பூச்சு ஒண்ணு கொடுத்திருப்பாங்க. உன் கை படுறதே அந்தப் பூச்சு மேலதான். காரமான சோப்பை ஊத்தி முரட்டு பிரஷ்ஷால தேச்சா அது தாங்குமா?" அந்த மினுமினுப்பு சிலிக்கோன் பாலிஷாம், டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிப்பது. நல்ல நிலையில் இருக்கிற சீட் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும் என்றார். என் சீட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் வேறு. அதன் வழியாக உள்ளே போன தண்ணீர் ஸ்பாஞ்சில் தங்கிவிட்டது. வாடைக்கு அதுதான் காரணம்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், தோல் உரியத்தான் செய்யும்." பில்லை எடுத்துப் பார்த்தேன். 'இன்டீரியர் வாஷ்' என்று மட்டும் எழுதியிருந்தது. லெதர் என்ற வார்த்தையே இல்லை!

லெதர் சீட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். லெதருக்கென்றே இருக்கிற மென்மையான கிளீனர்தானா என்று பாட்டிலைப் பாருங்கள். அதையும் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும், சீட்டில் நேராக அடிக்கக் கூடாது. முதலில் சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். துணியில் நிறம் ஏறினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, லெதர் என்று நாம் நினைப்பது பல வண்டிகளில் ரெக்சின்தான். அதற்கு லெதர் கண்டிஷனர் போட்டுக் காசு வாங்கினால் அதுவும் ஏமாற்று.

திருச்சியில் ஒருவர் மறுபடி சாயம் ஏற்ற 14,000 கேட்கிறார், அதுவும் ஸ்பாஞ்ச் நன்றாகக் காய்ந்த பிறகுதான் செய்வாராம். இப்போதைக்குப் பழைய ஜமக்காளத்தை விரித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.